ஊசியிலை மரத்தின் துருநோய்

வேங்கிக்கால் ஏரிக்கு அப்பால் உள்ள மணிலாக் கொல்லை ஒன்றின் வரப்பில் ஒரு நாள் மாலை நடந்து சென்றேன். உடன் வந்த சிறுவன் ஓர் இலையைக் கிள்ளி, அதன் அடிப்புறத்தை விரலால் தேய்த்தான். விரல் நுனியில் செங்காவி நிறத் தூள் ஒட்டிக்கொண்டது. “ஐயா, இரும்பில் பிடிப்பது போல இலையிலும் துருப் பிடிக்குமோ?” என்று வினவினான். கொல்லைக்கு உரியவர் அருகில் நின்றார். “பிடித்துவிட்டதே; இவ்வாண்டு மூட்டை குறையும்” என்றார் அவர், வாடிய முகத்துடன்.

மாணவர்களே, இரும்பின் துருவுக்கு உயிர் இல்லை. இலையின் துருவோ உயிருடைய பூசணம். பிற பூசணங்கள் மட்கிய கட்டையிலும் கெட்டுப்போன உணவிலும் வளரும். துருப்பூசணத்திற்கு உயிருள்ள செடியே உணவு. இலையில் நாம் காணும் தூள் அதன் இனப்பெருக்கத் துகள்; அதனைச் சிதல் என்பர். (பழந்தமிழில் சிதல் என்பது கறையானையும் குறிக்கும், இங்கு அப்பொருள் கொள்ளற்க.) இத்துகள் காற்றில் பறந்து வேறோர் இலையில் படிந்து, ஈரம் கிடைத்தவுடன் முளைக்கும். துருப்பூசணங்கள் 7000 வகைக்கும் மேற்பட்டவை. மணிலாவைப் பற்றும் துரு 1970களின் தொடக்கத்திலேதான் நம் நாட்டிற் பரவியது. அது மணிலாவிலிருந்து மணிலாவுக்கே செல்கின்றது. அதன் உறவினருள் சிலவற்றின் வாழ்க்கை இத்துணை எளிதன்று.

கொடைக்கானலுக்குச் சுற்றுலாச் சென்றவர்கள் அங்குப் பைன் மரங்களைக் கண்டிருப்பீர்கள். ஊசிபோன்ற இலைகளை உடைய இம்மரங்களைப் பற்றும் துருப்பூசண இனம் ஒன்றுக்குக் குரோனார்ட்டியம் என்பது பெயர். இவ்வினத்தின் பல வகைகளுக்கு இரண்டு இல்லங்கள் உண்டு. ஒன்று பைன் மரம்; மற்றொன்று அம்மரத்தோடு எவ்வகை உறவும் இல்லாத ஒரு சிறு செடி. பைன் மரத்தில் தோன்றும் சிதல் மற்றொரு பைன் மரத்தைப் பற்ற மாட்டாது. அது செடிக்கே சென்றாக வேண்டும். செடியில் வளர்ந்து, உருமாறி, வேறுவகைச் சிதலாகிய பின்னரே மீண்டும் மரத்துக்கு வர இயலும். இவ்வாறு ஒரு சுற்று முடிவதற்குள் இப்பூசணம் ஐவகைச் சிதல்களைத் தோற்றுவிக்கின்றது. மரத்தை மட்டும் பார்த்தவருக்கு நோயின் ஒரு பாதியே தெரியும்.

நம் நாட்டில் இமயமலையின் தாழ்ந்த சரிவுகளில் சிர் பைன் என்னும் மரம் காடாக வளர்கின்றது. அதன் பிசினை வடித்து டர்ப்பன்டைன் எடுப்பர். அம்மரத்தின் ஊசிகளிலும் துரு உண்டு, தண்டிலும் துரு உண்டு. ஆர்தர் பார்க்கிளே என்னும் மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிம்லாவில் இருந்து இவற்றை ஆராய்ந்தார். பின்னர், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த கே. டி. பாக்சி, தண்டைப் பற்றுவது தனி வகை எனக் கண்டு 1929இல் எழுதினார். அதன் மற்றோர் இல்லம் எது என்பதையும் அவரே துருவிக் கண்டார். அது சுவெர்ட்டியா இனத்துச் சிறு பூண்டு! வடநாட்டார் காய்ச்சலுக்குக் காய்ச்சிக் குடிக்கும் சிராய்த்தாவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வடமொழியில் அதற்குக் கிராததிக்தம் என்று பெயர். மலைவேடராகிய கிராதரின் கைப்பு மருந்து என்பது பொருள். மனிதனுக்கு மருந்தாகும் குடும்பத்துப் பூண்டு மரத்துக்கு நோயூட்டுவதை என்னென்பது!

நோய் மரத்தில் புகும் வழி மெதுவானது. செடியிலிருந்து வரும் நுண்ணிய சிதல் ஊசியிலையில் நுழைந்து, கிளையின் பட்டைக்குள் இறங்குகின்றது. ஆண்டுகள் சில கழித்துப் பட்டை வெடித்துக் கொப்புளங்கள் தோன்றி, அவற்றிலிருந்து மஞ்சள் தூள் சிந்தும். பட்டை சுற்றிலும் அழிந்துவிட்டால் அதற்கு மேற்பட்ட பகுதி பட்டுப்போகும். முதிர்ந்த மரம் கிளையொன்றை இழந்து பிழைக்கலாம். இளங்கன்று பிழைப்பது அரிது.

இதே இனத்தின் மற்றொரு வகை வட அமெரிக்காவில் விளைத்த கேடு பெரிது. அங்கு ஐந்தைந்து ஊசிகள் கொத்தாக அமைந்த வெண்பைன் மரங்கள் காடு காடாக நின்றன. அவர்கள் தம் நாட்டு மரத்தின் கன்றுகளையே, விலை மலிவு என்று கருதி, ஐரோப்பிய நாற்றுப்பண்ணைகளிலிருந்து வாங்கினர். கன்றோடு துருவும் கப்பலேறிற்று. 1906இல் நியூயார்க் மாநிலத்தில் அந்நோய் கண்டறியப்பட்டது. 1910இல் பிரான்சிலிருந்து வான்கூவருக்குச் சென்ற கன்றுகளுடன் மேற்குக் கரையிலும் அது இறங்கியது. 1921 வரை அங்கு எவரும் அதனை அறிந்திலர். 1912இல் அந்நாடு அயல்நாட்டுச் செடிகளைத் தடுத்துச் சோதிக்கச் சட்டம் இயற்றியதற்கு இந்நோயும் ஒரு காரணம். சில காசு மிச்சம் பிடித்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அளவிடற்கரியது.

அங்கு அப்பூசணத்தின் மற்றோர் இல்லம் கரன்ட், கூஸ்பெரி என்னும் புளிப்புப் பழச்செடிகள். மரத்திலிருந்து புறப்படும் சிதல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வல்லது. செடியிலிருந்து மரத்துக்கு வருவதோ மென்மையானது. பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் உயிரோடு செல்லாது. ஆதலின் மரத்தைச் சுற்றியுள்ள செடிகளைப் பிடுங்கினால் போதும் என்று எண்ணினர். 1930களில் வேலையற்றிருந்த இளைஞர்களை அரசு படைபோல் திரட்டி மலைகளுக்கு அனுப்பிற்று. அவர்கள் வரிசையாக நின்று, சரிவு சரிவாக ஏறி, செடிகளை வேரோடு களைந்தனர். கிழக்குப் பகுதியில் ஓரளவு பயன் விளைந்தது. மேற்கு மலைகளில் மண்ணுள் கிடந்த விதைகள் மீண்டும் மீண்டும் முளைத்தன. 1960களின் இறுதியில் அங்கு அம்முயற்சியைக் கைவிட்டனர். இளைஞரின் உழைப்பில் குறை காண்பதற்கில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு இரு காட்டுப் பூண்டினங்களிலும் அப்பூசணம் குடியிருப்பது புலனாயிற்று. ஒரு வாயிலை அடைக்க அவர்கள் பாடுபட்ட காலத்தில், வேறு வாயில் திறந்தே கிடந்தது.

உயர்ந்த மலைமுகடுகளில் வளரும் வெண்பட்டைப் பைன், கரடிக்கும் பறவைக்கும் தன் விதையால் உணவளிப்பது. இத்துருவும் வேறு சில கேடுகளும் நெருக்கியதால், 2022இல் அமெரிக்க அரசு அதனை அழிவை நோக்கிச் செல்லும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

இன்று ஆராய்ச்சியாளர் வேறு வழியை நாடுகின்றனர். சுற்றிலும் உள்ள மரங்கள் மடிந்திருக்க, நடுவே நோயின்றி நிற்கும் மரம் அரிதாகத் தென்படும். அதன் விதையைக் கொணர்ந்து கன்று வளர்க்கின்றனர். பின்னர் அக்கன்றுகளை ஈரப்பதம் நிறைந்த அறையில் வரிசையாக வைத்து, அவற்றின் மேலே துருப்பிடித்த இலைகளைப் பரப்புகின்றனர். அவ்விலைகள் எச்செடியினுடையவை தெரியுமா? முன்னோர் தேடித் தேடிப் பிடுங்கிய அதே கரன்ட் செடியினத்தவை. சிதல் கன்றுகளின்மேல் உதிர்கின்றது. ஆண்டுகள் சில சென்ற பின் எக்கன்று பட்டை வெடியாமல் நிற்கின்றதோ, அதனைத் தேர்ந்தெடுக்கின்றனர்.