காரில் பறவை தலையை உதறினால்

செங்கல்பட்டைத் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து பொட்டுப் பொட்டென்று ஏதோ தெறிக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டுக் காக்டெயில் கிளி (cockatiel) தலையைப் பக்கவாட்டில் வெட்டி வெட்டி உதறிக்கொண்டிருந்தது. கூண்டுக் கம்பியிலும் கார்க் கண்ணாடியிலும் பாதி ஊறிய தினை ஒட்டியிருந்தது. கன்னத்து ஆரஞ்சுப் பொட்டைச் சுற்றி இறகெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது. மதுரைக்கு இன்னும் ஆறு மணி நேரம். "தின்னக் கூடாததை எதையோ தின்னுடுச்சு" என்றார் மனைவி. நானும் நம்பினேன். மதுரையில் இருந்த நான்கு நாளும் குருவி கல்லுக்குண்டாட்டம் இருந்தது. திரும்பி வரும்போது மறுபடியும் அதே உதறல். அப்போதுதான் மண்டையில் உறைத்தது, கோளாறு தீனியில் இல்லை, பயணத்தில் என்று.

பத்து வருடத்துக்கு முந்தைய கதை இது. அதன்பிறகு பொங்கலுக்கும் மே மாத விடுமுறைக்கும் முன்னால் பறவை வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: "ஊருக்குப் போறோம், இதுக்கு என்ன மருந்து கொடுக்கலாம்?" மருந்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பத்தில் எட்டுப் பேருக்கு அதுவரை வரவேண்டிய அவசியமே இருக்காது.

நமக்குப் பேருந்தில் குமட்டுவதற்கும் பறவைக்குக் காரில் குமட்டுவதற்கும் காரணம் ஒன்றுதான். உட்காது 'ஆடுகிறோம்' என்கிறது, கண் வேறு எதையோ சொல்கிறது, மூளை குழம்புகிறது. ஆனால் நமக்குச் சாய முதுகு இருக்கிறது, சாய்ந்துகொள்கிறோம். பறவை பயணம் முழுக்க நின்றுகொண்டே வருகிறது. கோழியைக் கையில் பிடித்து உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்தால் தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அதே இடத்தில் நிற்குமே, சின்ன வயதில் விளையாடியிருப்பீர்கள். காதும் கண்ணும் கழுத்தும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அந்த வேலையை ஆறு மணி நேரம் செய்யச் சொன்னால் எந்தப் பறவைதான் தாங்கும்?

அதனால் முதலில் கவனிக்க வேண்டியது கால்.

வீட்டுக் கூண்டை அப்படியே தூக்கிக் காரில் வைக்காதீர்கள். நான் செய்த தவறு அதுதான். உயரமான கூண்டு, உச்சியில் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சி, அதன் பக்கத்தில் ஊஞ்சல், மணி. வண்டி அசையும்போது உச்சியில்தான் ஆட்டம் அதிகம். பயணத்துக்குச் சின்னப் பெட்டி போதும். பறவை திரும்ப முடிய வேண்டும், சிறகை முழுசாக விரித்து அடிக்க இடம் இருக்கக் கூடாது. குச்சி ஒன்றே ஒன்று. வால் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற உயரத்தில், ஆடாமல் இறுக்கிக் கட்டுங்கள். வேப்பங்குச்சி மாதிரி சொரசொரப்பான கட்டை நல்லது. விரல் முக்கால் சுற்றுக்குப் பிடிக்கிற பருமன் இருந்தால் பிடி நழுவாது. தரையில் பலர் டர்க்கி டவலை விரிக்கிறார்கள். அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக் கால் சுளுக்கிய குருவியைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய பருத்தித் துணி, அதன்மேல் வெள்ளைத் தாள். வெள்ளை எதற்கு என்றால், எச்சமும் வாந்தியும் என்ன நிறம் என்று தெரிய வேண்டும்.

அடுத்தது கண். பக்கத்துக் கண்ணாடி வழியே மரமும் லாரியும் சரசரவென்று ஓடுவதுதான் குமட்டலைக் கிளப்புகிறது. பழைய வேட்டி ஒன்றை எடுத்துப் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் பின்பக்கத்தையும் மூடுங்கள், முன்பக்கம் திறந்திருக்கட்டும். தூரத்துச் சாலை மெதுவாகத்தான் நகரும், அதைப் பார்த்தால் கேடில்லை. சில பறவைகள் முழுசாக மூடினால்தான் அடங்கும். சில முழுசாக மூடினால் பயந்து கத்தும். உங்களுடையது எந்த ரகம் என்று பக்கத்துத் தெருவுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரவுப் பயணம் என்றால் மூடியே ஆக வேண்டும், காக்டெயிலுக்குக் குறிப்பாக. எதிரே வரும் லாரியின் வெளிச்சம் சட்டென்று அடித்தால் அது இருட்டில் மிரண்டு மோதிக்கொள்ளும்.

பெட்டியைப் பின்சீட்டின் நடுவில் வைத்து சீட் பெல்ட்டால் கட்டுங்கள். முன்சீட்டில் ஏர்பேக் இருக்கிறது, வேண்டாம். டிக்கியில் காற்றும் இல்லை, உங்கள் கண்ணும் இல்லை. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று குழந்தைகள் கேட்கும், மறுத்துவிடுங்கள்.

தீனி விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. வழிக்குத் தாங்கட்டும் என்று கிளம்பும் நேரத்தில் தீனிப்பை புடைக்கக் கொடுப்பவர்கள் உண்டு. வாந்தி வருமே என்று முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடுபவர்களும் உண்டு. இரண்டாவது ஆபத்து அதிகம். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கிற பட்ஜி முப்பத்தைந்து கிராம்தான் இருக்கும். அந்த உடம்பு நெடுநேரப் பட்டினியைத் தாங்காது. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கொஞ்சமாகத் தினை, அவ்வளவுதான். சூரியகாந்தி விதை, ஊறவைத்த பயறு எல்லாம் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. வண்டி ஓடும்போது தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு வெள்ளரித் துண்டைச் செருகிவையுங்கள். தாகமும் அடங்கும், நெஞ்சு நனைந்து குளிரவும் செய்யாது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிழலில் நிறுத்திக் கால் மணி நேரம் தண்ணீரும் தினையும் காட்டுங்கள். ஓடும் வண்டியில் தொடாத பறவை நின்ற வண்டியில் கொத்தும். கைத்தீனி ஊட்டும் குஞ்சாக இருந்தால் விதி வேறு. தீனிப்பை காலியாகாமல் கிளப்பவே கூடாது. மேலே வரும் கஞ்சி மூச்சுக்குழலில் போனால் பிழைப்பது கஷ்டம்.

நமக்குக் குமட்டினால் எலுமிச்சம்பழத்தை முகர்வோம், கற்பூரம் வைப்போம். பறவைக்கு அதெல்லாம் ஆகாது. அதன் நுரையீரல் காற்றில் இருப்பதை நம்மைவிட வேகமாக இழுத்துக்கொள்ளும். கார் வாசனைத் திரவியத்தை முதல் நாளே கழற்றிவிடுங்கள். ஏசிக் காற்றும் நேராகப் படக் கூடாது. அலகைத் திறந்து, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்து மூச்சு வாங்கினால் அது குமட்டல் இல்லை, வெப்பம். உடனே குளிர்ச்சியான இடம் வேண்டும். டீ குடிக்க இறங்கும்போது ஐந்து நிமிஷம்தானே என்று வெயிலில் மூடிய காரில் விட்டுப் போனால் வந்து பார்க்கப் பறவை இருக்காது.

இவ்வளவும் செய்தாலும் பழக்கம் இல்லாமல் பலிக்காது. பெட்டியை வெளியே எடுத்தாலே டாக்டர் வீடு என்றால் அது பெட்டியைக் கண்டே நடுங்கும், பயமும் குமட்டலும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே பெட்டியைக் கூண்டுப் பக்கத்தில் திறந்து வைத்து, உள்ளே தினைக்கதிர் தொங்கவிடுங்கள். தானாக நுழைய ஆரம்பித்த பிறகு நின்ற காரில் பத்து நிமிஷம். அப்புறம் என்ஜினை ஓடவிட்டு. அப்புறம் தெருமுனை வரை. பிறகு பத்து, இருபது நிமிஷம். ஒரு கட்டத்தில் அலகு ஈரமானால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள், அவசரப்படாதீர்கள். எங்கள் காக்டெயில் என்ஜின் சத்தத்திலேயே ஒன்பது நாள் நின்றது.

மலை ஏறுகிறீர்கள் என்றால் அதை முதல் பயணமாக வைக்காதீர்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு எழுபது. பழகிய பறவையே அங்கே தடுமாறும். வண்டி ஓட்டுபவர் வளைவில் சீறாமல் இருப்பது எந்த மருந்தையும்விட மேல்.

இனி மருந்து. இஞ்சிச் சாறு பற்றிக் கேட்பார்கள். நகக்கண் அளவு இஞ்சியை வெந்நீரில் ஊறவைத்து, ஆறிய பிறகு சில துளியைக் குடிநீரில் கலக்கலாம். கெடுதல் இல்லை, சிலவற்றுக்குக் கேட்கிறது. குடிக்காவிட்டால் வாயில் ஊற்றக் கூடாது. ஆனால் நமக்குப் போடும் அவோமின் மாத்திரையில் துணுக்கை உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. காக்டெயிலின் தொண்ணூறு கிராம் உடம்புக்கு எவ்வளவு என்பது பறவை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் எடைபோட்டுச் சொல்ல வேண்டிய கணக்கு. நாய் பூனை பார்க்கிற எல்லோரும் பறவை பார்ப்பதில்லை. போகிற ஊரில் யார் பார்க்கிறார்கள் என்று கிளம்பும் முன்பே விசாரித்து எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தலையை மேலும் கீழும் ஆட்டி, கண் செருகி, உங்களைப் பார்த்துப் பதமாகக் கக்கினால் அது வாந்தி இல்லை, அன்பு. ஜோடிக்கு ஊட்டுவதாக நினைப்பு. தலையைப் பக்கவாட்டில் உதறி நாலாபக்கமும் தெறித்தால்தான் வாந்தி. எச்சம் தண்ணியாகப் போவதைப் பார்த்தும் பதறாதீர்கள், பயத்தில் அப்படித்தான் போகும். ஊர் சேர்ந்து சில மணி நேரத்தில் கட்டியாகிவிடும்.

ஆப்பிரிக்கன் கிரே மாதிரி பதிவு செய்ய வேண்டிய பறவை என்றால் பதிவுச் சான்றின் நகல் வண்டியில் இருக்கட்டும். பச்சைக்கிளியை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வளர்க்கவே கூடாது. அதை எப்படிக் காரில் கொண்டுபோவது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பெட்டியைச் சத்தமில்லாத அறைக்குக் கொண்டுபோய் அரைமணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கிளம்பும் முன் நிறுத்த எடையைப் பெட்டியின் மேலேயே எழுதியிருப்பீர்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலோ, வண்டி நின்று இரண்டு மணி நேரமாகியும் உதறல் நிற்காவிட்டாலோ, இறகை உப்பவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாலோ, எழுதி வைத்த அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.