இல்லத்தில் இயற்றும் விமானமும் அதன் கருவிப்பலகைச் செலவும்

நம் சங்கரன்கோவிலில் புதிதாக ஒரு விசைத்தறி வாங்க எண்ணும் குடும்பத்தார், தறியின் விலையை மட்டும் கேட்டறிந்து அமைதியடைந்துவிடுவதில்லை. மோட்டாருக்கு எவ்வளவு, மின்னிணைப்புக்கு எவ்வளவு, பாவுக்கும் ஊடைக்கும் வேண்டிய நூலுக்கு எவ்வளவு, தறி ஓடாத நாட்களுக்குக் கையிருப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுப்பர். அக்கணக்கில் ஒரு வரி விட்டுப்போயின், தறி வந்து சேரும். துணி வந்து சேராது. இவ்வெளிய உண்மையைத் தறியினும் பெரியதொரு பொறிக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பொறி, ஒருவர் தம் வீட்டிலேயே தம் கையால் செய்துகொள்ளும் ஆகாய விமானம். அதனுள்ளும், விமானியின் கண்ணெதிரே அமையும் கருவிப்பலகைக்குப் பொருள் ஒதுக்கும் முறையையே நாம் சிறப்பாக ஆராயப் புகுகின்றோம்.

வீட்டில் விமானம் செய்தல் மேனாட்டாருக்கே உரிய பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்முள் பலர். அவ்வெண்ணம் பொருந்தாது. 1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்பவர், தாமே வகுத்த அமைப்பின்படி, வண்டி கட்டும் தொழிலில் பேர்பெற்ற சிம்சன் கம்பெனியாரைக்கொண்டு ஒரு விமானம் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். ரைட் சகோதரர் முதன்முதல் பறந்து ஏழாண்டுகூட நிறையாத காலம் அது. நூறாண்டுகளுக்குப் பின்னர், மும்பையில் விமானியாகப் பணியாற்றிய அமோல் யாதவ் என்பார், தம் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியிலேயே ஆறுபேர் அமரத்தக்க விமானமொன்றைக் கட்டினார். அது 2016 பிப்ரவரியில் மும்பையில் நிகழ்ந்த கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 2017 நவம்பரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவையும் பெற்றது. அமெரிக்காவிலோ, இவ்வாறு கட்டுவோர் 1953-இலேயே தமக்கென ஒரு சங்கம் கண்டனர். விமானத்தின் வேலையிற் பெரும்பகுதியைக் கற்கும் விருப்பாலும் பொழுதுபோக்காகவும் செய்தவர் தாமே என்று காட்டுவோருக்கு அந்நாட்டு அரசாங்கம் தனிப்பிரிவில் அனுமதி வழங்குகின்றது. ஆகவே பொருள் புதியதுமன்று, நமக்கு அந்நியமானதுமன்று.

அளக்கும் கருவியே முதற்செலவு

1903 டிசம்பர் 17-ஆம் நாள் ரைட் சகோதரர் பறந்த விமானத்தில் மூன்று கருவிகளே இருந்தன: காற்றின் வழியே சென்ற தூரத்தை அளக்கும் காற்றுமானி ஒன்று, நேரங் காட்டும் நிறுத்துகடிகாரம் ஒன்று, எஞ்சின் எத்துணை முறை சுழன்றது என்று எண்ணுங் கருவி ஒன்று. அவர்கள் அவ்விமானத்துக்குச் செலவிட்ட மொத்தத் தொகை ஆயிரம் டாலருக்குட்பட்டது. அதே ஆண்டில் பேராசிரியர் லாங்லி, போர்த்துறையினர் அளித்த 50,000 டாலரைக்கொண்டு செய்த விமானம் இருமுறையும் ஆற்றில் வீழ்ந்தது. இரண்டின் வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நாம் கருதத்தக்கது. ரைட் சகோதரர் கைப்பொருள் குறைந்த நிலையிலும் அளப்பதற்குரிய செலவை மட்டும் குறைத்தாரல்லர். எந்த வினாவுக்கு விடை வேண்டுமோ அதற்குரிய கருவியை வாங்கினர். விடை வேண்டாத வினாவுக்குக் கருவி தேடவில்லை.

கருவிப்பலகையின் செலவுத்திட்டம் முழுவதும் இம்முறையில் அடங்கும். ஒவ்வொரு கருவியையும் நோக்கி, 'நீ எந்த வினாவுக்கு விடை சொல்வாய்? அவ்விடை கிடையாவிடின் விமானிக்கு நேர்வது யாது?' என்று கேட்டல் வேண்டும். பகற்பொழுதில், தரையைக் கண்ணாற் கண்டு பறக்கும் ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு இன்றியமையாதவை சிலவே. காற்றுவேகமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி என்பன விமானத்தின் நிலையை உரைக்கும். சுழற்சிமானி, எண்ணெய் அழுத்தமானி, எண்ணெய் வெப்பமானி என்பன எஞ்சினின் நலத்தை உரைக்கும். எரிபொருள்மானி ஒவ்வொரு தொட்டியிலும் எஞ்சியிருப்பதை உரைக்கும். இவற்றுக்கு மேற்பட்டவை, எங்கே, எப்பொழுது, யாருடைய வான்பகுதியில் பறக்கப் போகின்றோம் என்பதைப் பொறுத்தன. இரவிலும் மேகத்தினுள்ளும் பறக்கக் கருதாதவர் அதற்குரிய கருவிகளைத் தொடக்கத்திலேயே வாங்குதல், மழையறியாத ஊருக்குக் குடை சுமந்து செல்வதை ஒக்கும்.

விலைப்பட்டியலில் காணாத செலவுகள்

வானொலி, வழிகாட்டி, நிலத்திலுள்ளோரின் ராடாருக்கு விடையளிக்கும் டிரான்ஸ்பாண்டர், பல மானிகளை ஒரே திரையிற் காட்டும் மின்னணுப் பலகை ஆகியவற்றை ஏவியானிக்ஸ் என்று ஒருசேர வழங்குவர். இவற்றின் விலைப்பட்டியலைக் காணும் இளைஞர், பட்டியலிலுள்ள தொகைகளைக் கூட்டி அதுவே செலவு என்று கருதிவிடுகின்றனர். தறியின் விலையே துணியின் விலை என்று நினைப்பதற்கு இஃது ஒப்பாகும்.

ஓர் உதாரணங் கொள்வோம். ஒருவர் தம் பலகைக்குப் பத்து லட்சம் ரூபாய் ஒதுக்கியுள்ளார் என்க. அவர் அதனைப் பின்வருமாறு பகுத்துக்கொள்ளுதல் நலம்:

கருவிகளின் விலை: ரூ. 5,50,000
கம்பி, இணைப்பான், சுவிட்சு, சர்க்யூட் பிரேக்கர்: ரூ. 1,20,000
ஆண்டெனாவும் எஞ்சினில் பொருத்தும் உணர்கருவிகளும்: ரூ. 80,000
கப்பற்கூலி, சுங்கம், நாணய மாற்று வேறுபாடு: ரூ. 1,00,000
சோதனையும் அளவு திருத்தமும்: ரூ. 50,000
எதிர்பாராதவற்றுக்குக் கையிருப்பு: ரூ. 1,00,000

இவை கடைத்தெரு விலைகளல்ல. விகிதத்தை விளக்குதற்பொருட்டு நாம் அமைத்துக்கொண்ட எண்களே. பத்து லட்சம் கையிலிருப்பின் ஐந்தரை லட்சத்துக்கே கருவி வாங்கலாம் என்பதே இதன் கருத்து. பத்து லட்சத்துக்கும் கருவி வாங்கியவர், கம்பி வாங்கக் கடன்படுவார். அல்லது மலிந்த கம்பியை வாங்கிப் பின்னர் வருந்துவார். விமானத்தில் புகைதரும் கம்பி எத்துணைத் தீங்கு பயக்கும் என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவையன்றி, வானொலிக்கு அரசாங்க உரிமம் பெறுவதும், வரைபடத் தரவுகளை அவ்வப்போது புதுப்பிப்பதும் ஆண்டுதோறும் தொடரும் செலவுகள். அவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

மின்சாரத்துக்கும் ஒரு வரவுசெலவு

பணத்துக்கு மட்டுமன்றி மின்சாரத்துக்கும் கணக்கு உண்டு. வீட்டில் செய்யும் விமானங்களிற் பெரிதும் பயன்படும் ராட்டாக்ஸ் 912 எஞ்சினின் உள்ளமைந்த மின்னாக்கி ஏறத்தாழ 250 வாட் தருவது. 14 வோல்ட் அழுத்தத்தில் அது சுமார் 18 ஆம்பியர் ஆகும். திரைகளுக்கு 4, பேசும்போது வானொலிக்கு 3, டிரான்ஸ்பாண்டருக்கு 1, விளக்குகளுக்கு 4, எரிபொருள் பம்புக்கு 3 என்று வைத்துக்கொண்டால் 15 ஆம்பியர் கழிந்துவிடும். அதன்மேல் 8 ஆம்பியர் உண்ணும் வெப்பக்கருவி ஒன்றைச் சேர்ப்பின், வரவினும் செலவு மிகுந்து மின்கலம் சிறிது சிறிதாக வறளும். அந்நிலையில் மானிகள் யாவும் ஒரே திரையிலிருப்பின், திரை அணையும்போது மானிகளனைத்தும் ஒருங்கே அணையும். ஆதலின் திரைக்கெனத் தனியே ஒரு சிறு மின்கலமோ, மின்சாரமின்றி இயங்கும் வேகமானியும் உயரமானியும் ஆகிய இரண்டுமோ வைத்துக்கொள்ளுதல் ஆடம்பரமன்று, அடிப்படைச் செலவேயாகும்.

இடம் முதலில், கருவி இறுதியில்

வீட்டில் விமானம் கட்டி முடிக்க ஆண்டுகள் பல ஆகும். உலோகமும் மரமும் காத்திருக்கும். மின்னணுக் கருவியோ காத்திருக்கையிலேயே மூப்படையும். விபத்து நேரின் தானே குறிப்பொலி எழுப்பும் கருவியை எடுத்துக்கொள்க. 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கேட்பதை விடுத்து, 406 மெகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே கேட்கலாயின. முன்கூட்டியே பழைய கருவியை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தவர் கூக்குரலைச் செயற்கைக்கோள் எதுவும் செவிமடுக்கும் வழியில்லாதொழிந்தது. அவ்வாறே 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் போக்குவரத்து மிக்க வான்பகுதிகளில், தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் கருவி கட்டாயமாயிற்று. விதி மாறும்; கருவி மாறும்; விலையும் மாறும்.

ஆகவே முதலாண்டில் வாங்கத்தக்கது அட்டையும் பென்சிலுமே. பலகையின் அளவுக்கு அட்டை வெட்டி, கருவிகளின் உருவங்களைக் காகிதத்தில் வரைந்து ஒட்டி, இருக்கையில் அமர்ந்து கைநீட்டிப் பார்த்தல் வேண்டும். வேகமானி கண்ணுக்கு நேரே உளதா? சுவிட்சுகள் கைக்கு எட்டுகின்றனவா? பின்னர் வாங்கக் கருதும் கருவிக்கு இடமும், அதற்குச் செல்லும் கம்பிக்கு வழியும் விடப்பட்டுளவா? இடத்தை இன்றே ஒதுக்கிக் கருவியை இறுதியாண்டில் வாங்குவோர், அதே பணத்துக்குப் புதிய கருவி பெறுவர்.

சிறுசெலவும் பெரும்பயனும்

இனி, செலவுத்திட்டத்தில் எளிதில் மறக்கப்படுவனவற்றைக் கூறி முடிப்போம். 1997 அக்டோபர் 12-ஆம் நாள், அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், பிறரொருவர் வீட்டில் கட்டிய சிறுவிமானமொன்றைத் தாம் வாங்கிப் பறக்கையில் கலிபோர்னியாக் கடலில் வீழ்ந்து இறந்தார். விசாரணை நடத்திய அரசாங்கக் குழுவினர் கண்டவை சிந்திக்கத்தக்கன. எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடி விமானியின் இடத்தோளுக்குப் பின்னே, எளிதில் எட்டாத இடத்தில் அமைந்திருந்தது. அதில் எந்நிலை எத்தொட்டி என்ற குறியில்லை. எரிபொருள் காட்டும் கண்ணாடியிலும் அளவுக்கோடுகள் இல்லை. புறப்படுமுன் எரிபொருள் நிரப்பவுமில்லை. பறக்கும்போது கைப்பிடியைத் திருப்ப முயன்று விமானியின் கவனம் சிதறியதே விபத்தின் காரணம் என்று அவர்கள் முடிவுசெய்தனர். விலையுயர்ந்த கருவி எதுவும் அங்குக் குறைந்ததன்று. குறைந்தவை ஒரு தூரிகை வண்ணமும் சில கோடுகளும், கைக்கெட்டும் இடமுமே.

எரிபொருள்மானியின் அளவு திருத்தம் மிக எளிது. விமானத்தைப் பறக்கும் நிலையில் மட்டமாக நிறுத்தி, வெறுந்தொட்டியில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கோடிடல் வேண்டும். வாற்சக்கர விமானம் தரையில் மூக்குயர்த்தி நிற்பதாகலின், தரைநிலைக்கு வேறு கோடும் இடல் வேண்டும். இதற்கு வேண்டுவது ஒரு பிற்பகலும் சிறிது பொறுமையுமே.

மற்றொன்று குளவி. நம் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவி, காற்றுவேகத்தை அறிவிக்கும் பீட்டோ குழாயின் சிறுதுளையையும் விரும்பிக் குடிபுகும். துளை அடைபடின் வேகமானி பொய்யுரைக்கும். 1996 பிப்ரவரி 6-ஆம் நாள் டொமினிக்கன் குடியரசில் எழும்பிய பெரும்பயணி விமானமொன்று கடலில் வீழ்ந்து 189 பேர் இறந்தனர். சில நாட்கள் மூடாது விடப்பட்டிருந்த அக்குழாயில் குளவிக்கூடு அடைத்திருத்தல் கூடும் என்று ஆராய்ந்தோர் கருதினர். அவ்வடைப்பைத் தடுப்பதற்கு வேண்டுவது ஒரு சிறு துணியுறையும், மறவாமல் கழற்றுதற்பொருட்டு அதிற் கட்டிய செந்நாடாவுமே.

மாணவ நண்பர்களே, உங்களுள் யாரேனும் ஒருவர் என்றேனும் ஒரு விமானம் கட்டலாம். அன்றி ஒரு தறிக்கூடமோ மோட்டார்ப் பட்டறையோ அமைக்கலாம். எதுவாயினும் கணக்கெழுதும்போது விலையின் வரிசையில் எழுதாதீர். உயிருக்கு இன்றியமையாமையின் வரிசையில் எழுதுங்கள். அவ்வாறெழுதிய பட்டியலின் உச்சியில், பல லட்சம் பெறும் திரைக்கும் முன்பாக, அளவுக்கோடிட்ட எரிபொருள்மானியும் நம் ஊர்த் தறியில் நெய்தெடுக்கத்தக்க ஒரு முழத் துணியும் இடம்பெறும். அவ்விரண்டையும் மறவாதவர் கையிலேயே எஞ்சிய பணம் நன்கு செலவாகும்.