ஓட்டத்தின் வேகமும் இரத்த உறைவும்

மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்தப்பட்ட தந்தைக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும். காலில் இரத்தம் உறைந்த தாய்க்கு வார்ஃபரின். “எல்லாம் இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைதானே? ஒன்று தீர்ந்தால் மற்றொன்றைக் கொடுக்கலாமா?” எனக் குடும்பத்தினர் வினவுவதுண்டு. கூடாது. இவற்றுள் எதுவும் இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை; உறைதலின் வெவ்வேறு படிகளைத் தடுக்கின்றன. எந்தப் படி முதன்மை பெறும் என்பதை இரத்த ஓட்டத்தின் விசை பெரிதும் தீர்மானிக்கிறது.

தமனியில் இரத்தம் விரைந்து பாய்கிறது. சிவப்பணுக்கள் குழாயின் நடுவே திரள, அவற்றினும் சிறிய தட்டணுக்கள் சுவரோரம் ஒதுக்கப்படுகின்றன. சுவரில் காயம் நேர்ந்தால் முதலில் சென்று அடைக்கவேண்டியவை அவையே. ஆகையால் இவ்வொதுக்கம் நன்மைக்கே. ஆயினும், அத்துணை வேகத்தில் அடித்துச் செல்லப்படும் தட்டணு சுவரில் எவ்வாறு நிற்கும்? இங்கே உதவுவது வான் வில்லிபிராண்ட் காரணி என்னும் புரதம். மெதுவான ஓட்டத்தில் அது நூற்பந்துபோல் சுருண்டிருக்கும். காயத்தில் ஒட்டிக்கொண்ட அப்பந்தை வேகமான ஓட்டம் இழுத்து நீட்டும்போது, மறைந்திருந்த பிடிகள் வெளிப்பட்டுத் தட்டணுக்களைப் பற்றுகின்றன. விசை கூடும்போது பிடி தளர்வதில்லை, மிகுகிறது. வியத்தகு ஏற்பாடுதான். இப்புரதக் குறைவால் விளையும் இரத்தக்கசிவு நோயை, ஆலந்து தீவுகளைச் சேர்ந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926இல் விவரித்தார்.

கொழுப்புப் படிந்து குறுகிய இதயத் தமனியில் இதே ஏற்பாடு பகையாகிறது. குறுகிய இடத்தில் வேகம் கூடும். படிவு வெடித்தால் தட்டணுக்கள் குவிந்து வழியை அடைத்துவிடும். ஆகவே தட்டணுவை அடக்கும் மருந்து தரப்படுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அதனால் மீண்டும் உண்டாக்க இயலாது. ஆனால் ஒரு தட்டணு 7 முதல் 10 நாள்களே வாழும். புதியவை நாள்தோறும் பிறப்பதால் மாத்திரையும் நாள்தோறும் வேண்டும்.

சிரையின் நிலை வேறு. நெடுநாள் படுக்கை, அறுவைச் சிகிச்சை, நீண்ட பயணம் ஆகியவற்றால் காலில் ஓட்டம் மந்தமாகும்போது, உறைதல் காரணிகள் அடித்துச் செல்லப்படாமல் தேங்கி ஃபைப்ரின் இழைகளைப் பின்னுகின்றன. அவ்வலையில் சிவப்பணுக்கள் சிக்குகின்றன. இங்கு ஹெப்பாரின், வார்ஃபரின் போன்றவையே முதன்மை மருந்துகள். அறுவைக்குப் பின் கணுக்காலை அசைக்குமாறு செவிலியர் வற்புறுத்துவதும் இதனாலேயே. கெண்டைத் தசை சிரையைப் பிழிந்து ஓட்டத்தை விரைவுபடுத்தும். சிலருக்கு இருவகை மருந்துகளும் தேவைப்படலாம். அதை மருத்துவரே முடிவுசெய்வார்.

பல் பிடுங்கச் செல்லுமுன் இம்மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உளர். ஸ்டென்ட் பொருத்திய முதல் சில மாதங்களில் அவ்வாறு நிறுத்துவது திடீர் அடைப்புக்கும் உயிராபத்துக்கும் வழிவகுக்கக்கூடும். மருந்துப் பட்டியலைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை இதய மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.