நிற்றலும் உழைப்பே

நுழையும்முன்

நடத்தலும் ஓடுதலும் உழைப்பு என்பதை யாவரும் அறிவர். ஓரிடத்தில் அசையாது நிற்பதை மட்டும் 'சும்மா நிற்றல்' என்று கூறுவது வழக்கம். உடலோ ஒருபோதும் சும்மா நிற்பதில்லை. கெண்டைக்காலின் தசைகளும் அவற்றினுள் உறையும் ஓர் உணர்வும் இடைவிடாது பணியாற்றுவதாலேயே மனிதர் நிமிர்ந்து நிற்கின்றனர். அவ்வுழைப்பை விளக்குகிறது இப்பாடம்.

ஐம்பொறிகளுக்கு அப்பால்

மெய், வாய், மூக்கு, கண், செவி என்பன ஐம்பொறிகள். தொல்காப்பிய மரபியல், உற்றறிவை முதலாவதாகவும் மனத்தை ஆறாவதாகவும் கொண்டு உயிர்களை வகைப்படுத்துகிறது. இவ்வைந்தனுள் அடங்காத வேறோர் உணர்வும் உடலுக்கு உண்டு. இருளில் நிற்பவர், தம் முழங்கால் மடங்கியிருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்பதைத் தொடாமலும் பாராமலும் அறிகிறார். கீழே நோக்காமல் படியேறுபவரின் பாதம் தக்க உயரத்திற்கு எழுகிறது. உறுப்புகளின் நிலையையும் அசைவையும் உள்ளிருந்தே உணர்த்தும் இத்திறனைத் 'தன்நிலை உணர்வு' எனலாம். ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன், 'தனக்குரியது' என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லடியிலிருந்து 1906ஆம் ஆண்டு இதற்குப் பெயரிட்டார். நரம்பணுக்களின் செயல்பாடு குறித்த ஆய்வுக்காக, 1932ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் எட்கர் ஏட்ரியனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

கெண்டைக்காலின் அமைப்பு

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. உட்புறம் இருக்கும் பருத்த எலும்பு டிபியா. வெளிப்புறம் இருக்கும் மெலிந்த எலும்பு ஃபிபுலா. இவற்றின் பின்புறத்தில் திரண்டிருப்பதே கெண்டைக்கால் தசை. அதன் மேலடுக்கு காஸ்ட்ரோக்னீமியஸ் எனப்படும். தொடையெலும்பின் கீழ்முனையில் இரு தலைகளாகத் தொடங்கும் இத்தசை, முழங்கால், கணுக்கால் ஆகிய இரு மூட்டுகளையும் கடக்கிறது. ஓடுவதற்கும் தாவுவதற்கும் வேண்டிய விசையைத் தருவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

இதன் அடியில் தட்டையாகப் படிந்திருக்கிறது சோலியஸ். இது டிபியா, ஃபிபுலா ஆகியவற்றிலிருந்து தொடங்கிக் கணுக்கால் மூட்டை மட்டுமே கடக்கிறது. மெதுவாகச் சுருங்கி, எளிதில் களைக்காமல் நெடுநேரம் உழைக்கும் தசையிழைகளே இதில் மிகுதி. இரு தசைகளும் கீழே ஒன்றிணைந்து, உடலின் தசைநாண்களுள் மிக வலிய குதிகால் தசைநாணாகிக் குதிகால் எலும்பைப் பற்றுகின்றன.

நிமிர்ந்து நிற்கும்போது, உடலின் எடை கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னே இறங்குகிறது. ஆதலால் உடல் எப்போதும் முன்னோக்கிச் சாயவே முனைகிறது. முன்னே சாயும் கம்பத்தைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் கயிற்றைப் போல, சோலியஸ் அதனைத் தாங்குகிறது. கயிறு அறியாத ஒன்றைத் தசை அறியும்: எப்போது, எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதே அது.

தசைக்குள் ஒரு பொறி

தசையிழைகளுக்கு இடையே, நூல் நூற்கும் கதிரைப் போல நடு பருத்து முனை சிறுத்த நுண்ணிய உறுப்புகள் உள்ளன. இவை தசைக்கதிர்கள். உடல் முன்னே சாய்ந்தால் கெண்டைக்கால் தசை சற்றே நீள்கிறது. அந்நீட்சியைத் தசைக்கதிர்கள் உணர்ந்து, நரம்பின் வழியே தண்டுவடத்திற்கு அறிவிக்கின்றன. மூளையின் ஆணைக்குக் காத்திராமல், தண்டுவடத்திலிருந்தே சுருங்குமாறு கட்டளை திரும்புகிறது. மருத்துவர் சிறு சுத்தியலால் குதிகால் தசைநாணைத் தட்டியதும் பாதம் தானே கீழ்நோக்கி அசைவது இவ்வழியில்தான். தசைநாணில் உள்ள வேறு உறுப்புகள் இழுவிசையின் அளவை உணர்த்துகின்றன. அவற்றை விவரித்த இத்தாலிய அறிஞர் கமில்லோ கோல்ஜியின் பெயரே அவற்றிற்கு வழங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

கெண்டை என்பது ஒரு மீனின் பெயர். நடு பருத்து நுனி சிறுத்த அதன் வடிவைக் கெண்டைக்காலிலும் காணலாம். சோலியஸ் என்னும் பெயருக்கு மூலமான இலத்தீன் சொல் செருப்பையும், தட்டையான ஒருவகை மீனையும் குறிக்கும்.

மூன்று சாட்சிகள்

உடல் நேராக நிற்கிறதா என்பதற்கு மூன்று சாட்சிகள் உள்ளன. கண் சுற்றுப்புறத்தைக் கண்டு கூறுகிறது. உட்செவியின் மூன்று அரைவட்டக் கால்வாய்களும் அவற்றை அடுத்த இரு பைகளும் தலையின் சுழற்சியையும் சாய்வையும் அறிவிக்கின்றன. கால்களின் தன்நிலை உணர்வும் பாதத்தின் தொடுவுணர்வும் நிலத்தின் செய்தியைத் தருகின்றன. சிறுமூளையும் மூளையின் பிற பகுதிகளும் இவற்றை ஒப்பிட்டுத் தசைகளை இயக்குகின்றன.

ஒரு சாட்சி தவறினால் மற்றவை ஈடுசெய்யும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் மோரிட்ஸ் ராம்பர்க், தண்டுவட நோயுற்ற சிலர் கண் திறந்திருக்கையில் நின்று, கண்ணை மூடியதும் தள்ளாடுவதைக் கண்டார். கால்களின் செய்தி மூளையை எட்டாததால் அவர்கள் கண்ணை நம்பியே நின்றிருந்தனர். முகம் கழுவக் கண் மூடும் பொழுதுகூட அவர்களுக்கு விழும் பொழுதாயிற்று. இச்சோதனை இன்றும் அவர் பெயராலேயே நடைமுறையில் உள்ளது.

உணர்வு குன்றும்போது

பார்வை மங்கினால் உடனே தெரியும். கால்களின் உணர்வு குன்றுவது அவ்வாறன்று. நெடுநாள் கட்டுப்படாத நீரிழிவு, கால்களின் நரம்புகளைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. பாதத்தில் முள் தைத்தாலும் வலிப்பதில்லை. இருட்டில் நடை தடுமாறுகிறது. முதுமையிலும் இவ்வுணர்வு மந்தமாவதுண்டு. ஆகவே, இரவில் எழும் முதியவருக்கு ஒரு சிறு விளக்கும், நீரிழிவு உள்ளவருக்கு நாள்தோறும் பாதத்தை உற்றுநோக்கும் பழக்கமும் பெருந்துணையாகும்.

நிற்போரின் உழைப்பு

நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் மாறிமாறிச் சுருங்கி, சிரைகளில் உள்ள குருதியை இதயத்தை நோக்கி மேலே செலுத்துகின்றன. இதனால் அவற்றை 'இரண்டாம் இதயம்' என்பர். அசையாது நிற்கையிலோ அவ்வியக்கம் குன்றி, குருதி கால்களில் தேங்குகிறது. நாள்முழுதும் நின்றே பணிபுரிவோர் கால்வீக்கத்திற்கும் சிரைச்சுருள் நோய்க்கும் ஆளாக நேர்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, பணியாளர்களுக்கு இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. நிற்றலும் உழைப்பே என உடலியல் கூறும் உண்மையைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது எனலாம். துணிக்கடையில் புன்னகையுடன் நிற்பவரின் கால்களும் உழைத்துக்கொண்டிருக்கின்றன என்பதை உணர்வதே இவ்வறிவின் பயன்.

கற்பவை கற்றபின்

1. நண்பர் ஒருவரை அருகில் நிற்கச்செய்து, கண்களைத் திறந்தும் மூடியும் ஒற்றைக்காலில் நின்று பார்க்க. வேறுபாட்டிற்கான காரணத்தை வகுப்பில் விளக்குக.
2. உங்கள் ஊரில் நின்றே செய்யப்படும் தொழில்களைப் பட்டியலிட்டு, அத்தொழிலாளர் ஒருவரிடம் உரையாடிக் குறிப்பு எழுதுக.