ஏரியைப் போலத் தெரிந்த இடம்

கோடைக்கானலில் வளர்ந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஏரிதான். 1863ஆம் ஆண்டில் லெவிஞ்சு துரை ஓடையை மறித்து உண்டாக்கிய அந்த ஏரியில் காற்றடித்தால் சிறு நெளிவு தோன்றும், அவ்வளவே. ஆகவே சென்ற கோடை விடுமுறையில் சென்னை அத்தையுடன் கோவளம் சென்று கடலை முதன்முதலாக அருகில் கண்டபோது வாயடைத்து நின்றேன்.

கேரளத்துக் கோவளம் வேறு. இது சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் உள்ள மீனவர் ஊர். கார்மேல் மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் இங்கு உண்டு. வலைகள் உலர்கின்றன, நாய்கள் உறங்குகின்றன, யாருக்கும் அவசரமில்லை. ஆனால் விடிந்ததும் சிறுவர் சிறுமியர் பலகையைச் சுமந்துகொண்டு கடலுக்கு ஓடுகிறார்கள். மூர்த்தி மேகவன் என்னும் மீனவர் 2012இல் இங்கு அலைச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். புகையும் குடியும் கூடாது என்பது அவரது விதி. கட்டுமரத்தில் நின்று அலையைக் கடந்து பழகிய கால்களுக்கு இந்தப் பலகை பெரிய புதுமையாக இராது என்றே எனக்குத் தோன்றியது.

பயிற்சி தரும் அண்ணன் ஒருவர் மணலில் கோடு கிழித்துப் பாடம் நடத்தினார். எங்கோ தொலைவில் வீசும் காற்றே அலையை எழுப்புகிறது. நடுக்கடலில் தண்ணீர் நம்மை நோக்கி ஓடி வருவதில்லை. ஏறி இறங்குகிறது, அந்த அசைவு மட்டுமே வருகிறது. கரையருகே ஆழம் குறைந்ததும் அலையின் அடிப்பகுதி வேகம் இழக்கிறது. மேற்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது. அது கவிழத் தொடங்கும் சரிவில்தான் பலகை வழுக்கிச் செல்கிறது.

பாடத்தை முழுவதும் கேட்காமல் நான் எழுந்து போனேன். இருபுறமும் அலைகள் உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக இருந்தது. நம் ஏரியைப் போலவே! அங்கே முழங்கால் அளவு இறங்கினேன். காலடி மணல் சரிந்தது; யாரோ பாவாடையைப் பிடித்து இழுப்பது போலிருந்தது.

“தங்கச்சி, வெளியே வா! அங்கேதான் இழுப்பு!” என்று கத்திக்கொண்டே அண்ணன் ஓடிவந்து என் கையைப் பற்றினார்.

அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமல்லவா? மணலில் பள்ளமான வாய்க்கால் கிடைத்தால் அதன் வழியே விரைந்து போகிறது. ஆழம் மிகுந்த இடமாதலால் அங்கு அலை அதிகம் உடைவதில்லை. அமைதியாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. நன்றாக நீந்துபவரும் களைத்துப் போவார். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். வாய்க்கால் பெரும்பாலும் குறுகியதே. அதைத் தாண்டிவிட்டால் அலைகளே கரைப் பக்கம் தள்ளிவிடும். சுற்றுலா செல்லும் தோழியரும் பெற்றோரும் இதை அறிந்திருப்பது நல்லது.

மறுநாள், அலை உடையாத இடங்களைக் கரையிலிருந்தே சரியாகச் சுட்டிக் காட்டிய பிறகுதான் அண்ணன் என்னைத் தண்ணீரில் இறங்கவிட்டார். ஏழு முறை விழுந்தேன். எட்டாம் முறை பலகையின்மேல் முழங்காலிட்டுக் கரை வரை வந்தேன். அதை ‘நின்றது’ என்று ஒப்புக்கொள்ள அத்தை இன்றுவரை மறுக்கிறார்.