தேய்ந்த காசு யாருடையது?

மானாவாரி நிலத்தை உழும்போது தேய்ந்த செப்புக்காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம். எழுத்து புரியவில்லை. யார் காலத்தது?
– வாசகர், ஆலங்குளம், விருதுநகர் மாவட்டம்

நீங்கள் சொல்லும் அமைப்பு முதலாம் ராஜராஜன் (985–1014) காசுக்குரியது. பாண்டிய நாடும் அவர் ஆட்சியில் இருந்ததால், உங்கள் ஊரில் கிடைப்பது வியப்பில்லை. உட்கார்ந்த உருவத்தின் அருகே பாருங்கள். தமிழைத் தேடாதீர்கள், நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்றிருக்கும். பின்னாளில் இலங்கை மன்னர்களும் இதே அமைப்பில் காசு அடித்தார்கள். பெயரைக் கொண்டே பிரிக்க முடியும். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த கோடும் தெரியும். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், மிச்ச எழுத்தும் போய்விடும். விருதுநகர் அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். மண்ணில் கிடைத்த புதையல் என்பதால், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள். கிடைத்த இடத்தையும் குறித்துக் கொடுங்கள். உங்கள் ஊர் வரலாற்றுக்கு அதுவே பெரிய சான்று.