பொழுதோடு உண்ட உணவு செல்லும் வழி

கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, மாலை ஐந்தரை மணிக்கே இலை போடக் கண்டு, "பாட்டி, சூரியன் மறைந்தால் வயிறும் தூங்கிவிடுமா?" என்று வினவினாள். "ஆமாம், சாப்பிடு" என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆசிரியப் பயிற்சி பெற்றவள் குழந்தையின் கேள்வியை அவ்வாறு தள்ளிவிடலாகாது. அவளுக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

இரவு உண்ணாமை நம் சமயத்தில் அறத்தின் பொருட்டு ஏற்பட்டது. விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடியலாகாது என்பதே அதன் வேர். நம் முன்னோர் இன்றைய விஞ்ஞானத்தை எல்லாம் அறிந்தே இதனை வகுத்தனர் என்று மேடையில் முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அறத்திற்கு உடல்நூலின் சான்றிதழ் தேவையன்று. ஆயினும் அவ்வழக்கம் வயிற்றுக்கும் உகந்ததாய் அமைந்துள்ளது. அது எவ்வாறு என அறிய, ஒரு கவளம் பருப்புச் சாதத்தைப் பின்தொடர்வோம்.

செரிமானம் வாயிலேயே தொடங்குகிறது. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாகச் சிதைக்கும். வகுப்பில் இதனை எளிதாகச் செய்து காட்டலாம். இரண்டு சோதனைக் குழாய்களில் சோற்றுக் கஞ்சியை எடுத்து, ஒன்றில் மட்டும் உமிழ்நீரைக் கலந்து, இரண்டையும் உள்ளங்கையில் பத்து நிமிடம் பொத்தி வைத்திருக்க வேண்டும். பின்னர் ஒவ்வொன்றிலும் ஒரு துளி அயோடின் விட்டால், வெறுங்கஞ்சி கருநீலமாகும். மற்றதில் அந்நிறம் வெகுவாகக் குறைந்திருக்கும். மாணவியர் வியப்புடன் பார்ப்பர். அன்று மதியம் மட்டும் எல்லோரும் நன்றாக மென்று உண்பர்!

நம்மவர் தவறுவதும் இவ்விடத்திலேதான். நம் பகுதியில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.40 முதல் 6.40 வரை மாறி வருகிறது. கார்த்திகையில் அலுவலகம் விட்டு ஓடி வருபவர், மறைவதற்குப் பத்து நிமிடமே இருக்க, ஒரு முழுச் சாப்பாட்டை விழுங்குகிறார். நோன்பு தவறவில்லை, ஆனால் வாய் செய்ய வேண்டிய வேலை முழுவதும் இரைப்பையின் தலையில் விழுகிறது. நேரம் குறைவாயின் உணவையும் குறைத்துக்கொள்வதே முறை. வயிறு நிறையும் முன் எழுவதை நம் நூல்கள் தவங்களுள் ஒன்றாகவே வைத்துள்ளன.

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அதன் தசைகள் அலையலையாய்ச் சுருங்கிக் கவளத்தை இரைப்பைக்குத் தள்ளுகின்றன. இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தைச் சிதைக்கும் பெப்சினும் காத்திருக்கின்றன. அந்த அமிலத்திற்கு வேறொரு பணியும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். சாதாரண உணவு இரைப்பையை விட்டு நீங்க இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். நெய்யும் எண்ணெயும் மிகுந்தால் இன்னும் தாமதமாகும். இனிப் பேத்தியின் கேள்விக்கு வருவோம். வயிறு தூங்குவதில்லை, ஆனால் தளர்கிறது. ஒரே உணவைக் காலையில் உண்டால் விரைவாகவும், இரவில் உண்டால் மெதுவாகவும் இரைப்பை வெளியேற்றுகிறது. இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைச் சமாளிக்கும் திறனும் இரவில் குறைவு. நிறைந்த இரைப்பையுடன் படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்சு எரிகிறது. ஆறு மணிக்கு உண்டு ஒன்பதரைக்குப் படுப்பவருக்கு இத்தொல்லை பெரும்பாலும் இராது.

அடுத்தது சிறுகுடல். கணைய நீரும், கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் தங்கிய பித்தநீரும் இங்கே வந்து கலக்கின்றன. பித்தநீர் நெய்யைச் சிறு துளிகளாக உடைக்கிறது. செரித்த சத்தைக் குடலுறிஞ்சிகள் இரத்தத்திற்குச் சேர்க்கின்றன. உறிஞ்சும் பரப்பு டென்னிஸ் மைதானம் அளவினது என்று நாங்கள் கற்பித்தோம். 2014-இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டு, அது சுமார் 30 சதுர மீட்டரே என்றனர். என் பழைய மாணவியர் திருத்திக்கொள்க.

உணவு நீங்கிய பின் குடல் சும்மா இருப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணிக்கொருமுறை, இரைப்பையில் தொடங்கும் வலிய அலையொன்று சிறுகுடலின் கோடிவரை சென்று எஞ்சியவற்றைப் பெருக்கித் தள்ளுகிறது. வீட்டைக் கூட்டுவது போன்ற வேலை இது. இடையில் ஏதேனும் கொறித்தால் அலை நின்றுவிடும். இரவு முழுவதும் வெறும் வயிறாக இருப்பவருக்கு இவ்வேலை தடையின்றி நடக்கிறது.

பெருங்குடல் எஞ்சிய நீரை ஈர்த்துக்கொள்கிறது. மாலைக்குப் பின் நீரும் அருந்தாதவர் பகலில் போதுமான அளவு அருந்தியே ஆகவேண்டும். காய்ச்சி வடிகட்டிய நீரைச் செம்பில் வைத்துவிட்டு மறந்துபோவது முதியோர் வழக்கம். பின்னர் மலச்சிக்கலுக்கு மருந்து தேடுவர். அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, தோல் நீக்காத பயறு இவற்றின் நார்ச்சத்தும் நீர் இருந்தால்தான் பயன் தரும்.

இனி, முன்பு நிறுத்தி வைத்த செய்தி. வைட்டமின் பி12 உணவில் புரதத்தோடு ஒட்டியே வருகிறது. அதனைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலமும் பெப்சினும் வேண்டும். பின்னர் இரைப்பை சுரக்கும் மற்றொரு புரதம் அதனைத் துணையாக அழைத்துச் சென்று, சிறுகுடலின் கடைப்பகுதியில் ஒப்படைக்கும். முதுமையில் பலருக்கு அமிலம் குறைகிறது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினும், அமிலம் குறைக்கும் மாத்திரைகளும் நெடுங்காலம் உட்கொண்டால் பி12 குறையக்கூடும். தாவர உணவில் இச்சத்து இல்லையென்றே கொள்ளலாம். நமக்குப் பாலும் தயிரும் மோருமே வழி. ஒரு டம்ளர் பாலில் கிடைப்பது ஒரு நாள் தேவையில் ஏறக்குறையப் பாதி.

எனக்கே சில ஆண்டுகளுக்கு முன் உள்ளங்கால் மரத்தது. இருட்டில் நடை தள்ளாடியது. வயதின் குறை என்று எண்ணி ஓராண்டு வாளாவிருந்தேன். இரத்தப் பரிசோதனையில் பி12 மிகக் குறைவு எனத் தெரிந்தது. ஊசி போட்ட பின் நடை சீர்பட்டது; ஆனால் விரல் நுனிகளில் மரப்பு முழுதும் நீங்கவில்லை. நரம்பு நெடுநாள் பட்டினி கிடந்தால் முழுதும் மீள்வதில்லை என்றார் மருத்துவர். அந்த ஓராண்டை எண்ணி இன்றும் வருந்துகிறேன். மரப்பு, நாக்குப் புண், மறதி, காரணமற்ற சோர்வு இவற்றுள் ஏதேனும் உள்ள முதியோரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தசோகை என்று ஃபோலிக் அமிலத்தை மட்டும் தாமே வாங்கி உண்பது ஆபத்து. சோகை மறையும், நரம்பின் சேதம் உள்ளே தொடரும். பாலையும் துறந்துள்ள நம் இளைஞருக்கு மாத்திரையோ ஊசியோ பெரும்பாலும் தேவைப்படும்.

"மருந்து எதிலிருந்து வருகிறது?" என்று சிலர் தயங்குகின்றனர். பி12 நுண்ணுயிர்களை வளர்த்து, புளிக்கவைக்கும் முறையில் தயாராகிறது. விலங்கின் உடலிலிருந்து எடுப்பதில்லை. ஆனால் உறைமாத்திரைகளின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது விலங்கின் எலும்பு, தோல் இவற்றிலிருந்து பெறப்படுவது. ஆதலின் மருந்துக்கடையில் உறையில்லாத வட்ட மாத்திரையாகவோ, தாவரப் பொருளால் ஆன உறை என்று அச்சிட்டதாகவோ கேட்டு வாங்குங்கள்.